தொழில் நோட்டின் முப்பத்தோராம் பக்கம்

செய்தி வந்தபோது காலை பதினொன்று பத்து. விதைப் பரிசோதனைக் கூடத்தில், ஈரத் தாளில் முளைவிட்டிருந்த விதைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தட்டுக்கு நூறு விதை. அறுபத்து நான்கில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. மறுமுனையில் தபால். கடிதம் பட்டுவாடா செய்யும் நண்பரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"லாண்டரியில பாய்லர் வெடிச்சிருச்சு. மெழுகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. அக்காவைக் கூட்டிக்கிட்டு வந்துரு. பக்குவமா சொல்லு, என்னை மாதிரி போட்டு உடைச்சிராத."

"உயிரோட இருக்காரா?"

"வண்டியில ஏத்தும்போது கண்ணு திறந்திருந்துச்சு."

மெழுகு என்பது என் அக்காவின் கணவர். எனக்கு மாமா. அவர் பிழைப்பாரா என்ற கேள்வி நெஞ்சில் ஏறிய அதே நொடியில் இன்னொரு கேள்வியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நின்றாரா? பாய்லருக்கு முன்னால், என்ன செய்யப்போகிறேன் என்று உரக்கச் சொல்லிவிட்டு, யாராவது "ம்" சொல்லட்டும் என்று காத்து நின்றாரா?

அவரை அப்படி நிற்கப் பழக்கியவன் நான்.

மாமா இருபத்திரண்டு வருடம் ஒரு குளிர்பதனக் கிடங்கின் இயந்திர அறையில் உதவியாளராக இருந்தவர். மாலையில் வீட்டுக்கு வந்ததும் சில்லிட்ட கையை அக்காவின் கழுத்தில் வைப்பார். அவள் "ஐயோ, பொணம்!" என்று கத்துவாள். தினமும் வைப்பார், தினமும் கத்துவாள். இயந்திரங்களின் சத்தத்தை வைத்தே எது எப்போது படுத்துக்கொள்ளும் என்று அவரால் சொல்ல முடியும். ஆனால் அதைக் கழற்றி மாட்டும் வேலை அவருடையது அல்ல. அதற்குச் சான்றிதழ் வைத்திருந்த வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர் துடைப்பார், எண்ணெய் விடுவார், கேட்பார், போய்ச் சொல்வார்.

கிடங்கை மூடியபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. பிறகு எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன தெரியும்?"

"மெஷின் சத்தம் தெரியும்" என்றாராம் ஓரிடத்தில்.

"சத்தம் கேக்குறதுக்கு ஆள் எடுக்குறதில்லைங்க."

இதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் சிறிது நேரம் அப்படியே இருந்தது. வாகன நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்தார். அட்டைப்பெட்டி ஒட்டினார். எதிலும் நாலைந்து மாதத்துக்கு மேல் கால் ஊன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மட்டும் அவர் வேறு ஆள். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் நாலு பேர் ஒன்பது வருடமாக ஒரு விளையாட்டு ஆடிவந்தோம். காய் கிடையாது, கட்டம் கிடையாது. கதைதான். ஒவ்வொருவரும் தாளில் ஓர் ஆளை உருவாக்கி வைத்திருப்பார்கள். எப்படிப்பட்ட ஆள், என்னென்ன தெரியும், எவ்வளவு பலம் என்று எல்லாம் எழுதியிருக்கும். கதையை நான் சொல்வேன். "முன்னால் ஒரு பாலம், நடுவில் பலகை இல்லை, என்ன செய்கிறீர்கள்?" என்பேன். அவரவர் ஆள் என்ன செய்கிறான் என்று அவரவர் சொல்ல வேண்டும். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால், இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவோம்.

எங்களோடு ஆடிய டெய்லர், நிஜத்தில் எறும்பைக்கூடத் தாண்டிப் போகிற மனிதர், இரண்டு வாள் வைத்திருக்கும் வீரனை உருவாக்கினார். தபால் வில்லாளி. மாமா உருவாக்கியது ஒரு மெழுகுவர்த்தி செய்பவனை. ஆயுதம் இல்லை, மந்திரம் இல்லை. தோளில் ஒரு பை, பையில் திரியும் மெழுகும்.

"பூதம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார் டெய்லர். "மெழுகுவர்த்தி ஏத்திப் பொறந்தநாள் கொண்டாடுவீங்களா?"

"பூதத்துக்கும் ராத்திரி வெளிச்சம் வேணும்லப்பா."

அன்றிலிருந்து அவர் பெயர் மெழுகு. மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, கதையில் ஒரு சுரங்கத்துக்குள் இறங்கினோம். டெய்லரின் வீரன் வழக்கம்போல முதல் ஆளாகப் பாய்ந்தான். "ஒரு நிமிஷம். என் ஆளு வத்தியைத் தரையோரமா பிடிக்கிறான்" என்றார் மாமா. சுரங்கத்தின் அடியில் கெட்ட காற்று தேங்கியிருப்பதாக நான் என் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள், மூன்று பேரும் செத்து விழுவார்கள், அடுத்த வாரம் புது ஆட்களோடு தொடங்கலாம் என்று எண்ணியிருந்தேன். சுடர் சுருங்குகிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அன்று மூன்று பேரையும் காப்பாற்றியது இரண்டு வாள் அல்ல, அரை சாண் மெழுகுவர்த்தி. டெய்லர் ஒரு வாரம் அந்தப் பக்கமே பேச்சை எடுக்கவில்லை.

அதன் பிறகுதான் மாமா தொழில் நோட்டைத் தொடங்கினார். கடைகளில் விற்கும் விதிப்புத்தகங்களில் சண்டைக்கு நூறு பக்கம் இருக்கும். ரொட்டி சுடுகிறவனுக்கும் கொத்தனாருக்கும் அரை வரி, "தொழில்: ஏதாவது ஒன்று" என்று. அது அவருக்குப் பொறுக்கவில்லை. வேலை தேடிப் போகிற இடங்களிலெல்லாம், வேலை கிடைக்காவிட்டாலும், ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வருவார்: "காலையில வேலையை ஆரம்பிச்சா, முதல்ல உங்க கை எங்கே போகும்?"

ரொட்டி சுடுகிறவரின் கை மாவுக்குப் போகாதாம். அடுப்புக் கதவுக்குப் போகும், புறங்கையால் சூடு பார்க்க. கண்ணாடி வெட்டுகிறவர் முதலில் துணியை எடுப்பார், ஏனென்றால் தூசி மேல் ஓடினால் கோடு கோணும். பிணவறை உதவியாளர் முதலில் பெயர்ச்சீட்டைப் படிப்பார். படித்த பிறகுதான் உடலைத் தொடுவார். இப்படி ஒரு தொழிலுக்கு ஒரு பக்கம், முப்பது தொழில். கை முதலில் எங்கே போகும், மற்றவர் பார்க்காத எதை அவர் பார்ப்பார், எங்கே தவறுவார். கடைசியாக, பகடையில் எத்தனைக்கு மேல் விழ வேண்டும். முப்பது தொழிலுக்கும் அவர் விதி எழுதினார். அவருடைய தொழில் என்ன என்று கேட்டால் அக்கா பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு விதி மட்டும் நான் எழுதியது. நோட்டின் முதல் பக்கத்தில், கட்டம் போட்டு: சொல்லு, நில்லு, செய். உன் ஆள் என்ன செய்கிறான் என்று உரக்கச் சொல். கதை சொல்கிறவன் "ம்" என்னும்வரை நில். பிறகு செய். டெய்லருக்காகத்தான் எழுதினேன். அவர் முதலில் பகடையை உருட்டிவிடுவார். நல்ல எண் விழுந்தால் "வெட்டிட்டேன்" என்பார். கெட்ட எண் விழுந்தால் "சும்மா கை தவறி விழுந்துச்சு" என்பார். இந்த விதி வந்த பிறகுதான் மேசையில் சத்தம் அடங்கியது. மாமாவுக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது.

போன வருடம் அவருக்கு ஒரு நீராவி லாண்டரியில் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரி, விடுதி விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளையில் விட்டு மடித்து அனுப்பும் இடம். உதவியாளராகத்தான் சேர்ந்தார். பாய்லரை ஓட்டச் சான்றிதழ் பெற்றவரோ வாரத்தில் பாதி நாள் வரமாட்டார். வராத நாளில் மாமா ஓட்டினார். சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது இன்னொருவரின் சான்றிதழ். கீழே நின்றது மாமா.

"டெஸ்ட்டை எழுதி வாங்கிட்டு வந்துருங்க. அந்த ஆளை அனுப்பிட்டு உங்களையே போட்டுடறேன்" என்றார் முதலாளி. "முடியலைன்னா என்னாலயும் ரொம்ப நாள் சமாளிக்க முடியாது."

மூன்று முறைதான் எழுதலாம். ஐம்பத்து மூன்று வயதுக்காரருக்கு அதற்குப் பிறகு வாசல் இல்லை. முதல் முறை எழுத்துத் தேர்விலேயே போயிற்று. இரண்டாம் முறை செய்முறை வரை போனார். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் தண்ணீரே தெரியாவிட்டால், உடனே பர்னரை அணைத்துத் தீயை நிறுத்த வேண்டும். பதறிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. காய்ந்து பழுத்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மொத்தமும் வெடிக்கும். பரிசோதகர் குழாயைக் காலியாக்கிக் காட்டியபோது மாமாவின் கை நேராகத் தண்ணீர்ப் பம்புக்குப் போய்விட்டது. தெரியாமல் இல்லை. பதற்றம்.

வீட்டுக்கு வந்து, "முதல்ல கை எங்கே போகும்னு ஊரெல்லாம் கேட்டேன் மாப்ளே. என் கை எங்கே போச்சு பாத்தியா?" என்றார். அக்கா தட்டை வைத்தாள், எடுத்தாள், திரும்பவும் வைத்தாள்.

மூன்றாவது முறைக்கு நாங்களே பழக்கிவிடுவது என்று முடிவு செய்தோம். யோசனை என்னுடையது. தேர்வையே ஒரு விளையாட்டாக ஆடுவோம் என்றேன். மாமா தன் மெழுகுவர்த்திக்காரனை ஓரம் வைத்துவிட்டு, முப்பத்தோராவது பக்கத்தில் "பாய்லர் ஆபரேட்டர்" என்று தலைப்பிட்டு ஒரு புது ஆளை உருவாக்கினார். நான் பரிசோதகர். அக்கா வீட்டுக் குளிர்பதனப் பெட்டி பாய்லர். டெய்லரின் அளவு நாடாவைப் பக்கவாட்டில் ஒட்டி அதைக் கண்ணாடிக் குழாய் ஆக்கினோம். கைப்பிடிக்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டு பர்னர் சுவிட்ச். பின்பக்கம் எண்ணெய் வால்வு. தபால் நாடாவை மேலும் கீழும் இழுப்பார். நான் கேட்பேன். மாமா சொல்வார், நிற்பார், நான் "ம்" என்பேன், செய்வார்.

"கொஞ்சம் நகருங்க சார்வாள். பாய்லரைத் திறந்து பால் எடுக்கணும்" என்பாள் அக்கா.

"அழுத்தம் இறங்கட்டும், இரு" என்பார் மாமா.

"எனக்கு அழுத்தம் ஏறுது."

நாலு ஞாயிறு இப்படி. அவர் கையின் பதற்றத்தை அடக்க வேண்டும் என்பதே எனக்குக் குறியாக இருந்தது. அதனால் "நில்லு" என்பதை இறுக்கினேன். வேண்டுமென்றே "ம்" சொல்லத் தாமதித்தேன். மூன்றாவது ஞாயிறு, சும்மா சீண்டிப் பார்க்க, முழுதாக ஒரு நிமிடம் வாயைத் திறக்கவில்லை. அவர் சிவப்புப் பொட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கையை நிறுத்தி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாய்லர் வெடிச்சு நாமெல்லாம் மேல போயிட்டோம், மெழுகு இன்னும் பர்மிஷன் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு!" நானும் சிரித்தேன். அவர் கை நடுங்கவில்லை என்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தேர்வு ஒரு வியாழக்கிழமை. எழுத்தில் தேறினார். செய்முறையில், பரிசோதகர் ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடிக் குழாயின் அடிவால்வை மூடி, உள்ளிருந்த தண்ணீரை வடித்தார். தண்ணீர் மறைந்தது. மாமா உரக்க, தெளிவாக, "பர்னரை நிறுத்துறேன்" என்றார். கையைச் சுவிட்ச் வரை கொண்டுபோனார். நின்றார்.

பரிசோதகர் கடிகாரத்தைப் பார்த்தார். மாமா பரிசோதகரைப் பார்த்தார்.

"சொன்னீங்க. ஏன் செய்யல?"

"நீங்க 'ம்' சொல்லலீங்களே சார்."

பரிசோதகர் கெட்டவர் இல்லை என்று மாமா சொன்னார். வருத்தத்தோடுதான் கோடு கிழித்தாராம். "தண்ணி என் உத்தரவுக்காகக் காத்திருக்காதுங்க" என்றாராம். ஒன்பது வருடம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் வராத தவறு அது.

நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், "என்னாலதான் மாமா" என்றேன்.

"உன்னால என்ன? நீயா போய் நின்னே? நான்தானே நின்னேன்." பிறகு நோட்டை எடுத்துவரச் சொன்னார்.

லாண்டரி முதலாளி மாதக் கடைசி வரை பார்க்கலாம் என்றுவிட்டார். மாமா அந்த நாட்களில் மெலிந்துபோனார். அக்கா வேண்டாம் என்று சொன்னதைக் காதில் வாங்காமல் நாலைந்து இடங்களில் ஏறி இறங்கினார். எங்கும் "காகிதம் இருக்கா?" என்ற அதே கேள்வி. கடைசி ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்ததும், நோட்டின் முப்பத்தோராவது பக்கத்தை விரித்து என் பக்கம் தள்ளினார்.

"இதுல ஒரு விதி சேக்கணும் மாப்ளே. அவசரத்துல நிக்க வேண்டாம். கை முதல்ல, வாய் அப்புறம். நம்ம விதியில ஓட்டை இருக்கு."

எங்கள் மேசையில் ஒரு வழக்கம். எந்தப் புது விதியும் நாலு பேரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் நோட்டில் ஏறும், எழுதுவது கதை சொல்கிறவன் கை. தபால் சரி என்றார். டெய்லர் மறுத்தார்.

"அப்படி விட்டா எல்லாமே அவசரம்தான். நானே நாளைக்கு ஒவ்வொரு தடவையும் 'அவசரம், அவசரம்'னு வெட்டிக்கிட்டே போவேன். என்னையே நான் நம்பமாட்டேன், விதியை நம்பச் சொல்றீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. "தொழில் தெரிஞ்ச ஆளுக்கு மட்டும்னு போடு" என்றார். டெய்லர் மோவாயைத் தடவினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "அடுத்த வாரம் பேசி எழுதிடலாம் மாமா" என்றேன். அவர் என்னிடமிருந்து பேனாவை வாங்கி, பக்கத்தின் அடியில் ஏதோ எழுதினார். பிறகு நோட்டை மூடினார்.

அது ஞாயிறு. செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்குத் தபால் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் மாமா மறுநாள் மாலை வரை இருந்தார். முகத்தில் கண்ணும் வாயும் தவிர எல்லாம் கட்டு. பேச முடியவில்லை, கண் மட்டும் அசைந்தது. அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்று, அவருடைய பாதத்தில், கட்டுப் போடாத ஒரு கையகல இடத்தில், உள்ளங்கையை வைத்திருந்தாள். கழுத்தில் சில்லிட்ட கையை வைக்கிற மனிதரின் உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

ஒருமுறை அவள் வெளியே போனாள். நானும் அவரும் மட்டும். ஒரே ஒரு கேள்வி. ஆம் என்றால் ஒரு முறை கண்ணை மூடுங்கள் என்று கேட்டிருக்கலாம். "நின்னீங்களா மாமா?" என்று கேட்டால், அந்த நிலையிலும் அவர் என் முகத்தைப் பார்த்து, எனக்கு எது வேண்டுமோ அதைத்தான் சொல்வார் என்று தோன்றியது. "தண்ணி வேணுமா?" என்றேன். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அவர் கண் அந்த எழுத்துக்குப் போய்விட்டு என்னிடம் திரும்பியது.

அன்று மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டார். பிணவறையிலிருந்து உதவியாளர் வந்தார். கட்டிலருகே நின்று, குனிந்து, மணிக்கட்டுச் சீட்டை உதடு அசைய முழுதாகப் படித்தார். பிறகுதான் தொட்டார். இருபத்திரண்டாம் பக்கம். மாமா எழுதியது சரியாக இருந்தது. அங்கேதான் நான் உடைந்தேன். உதவியாளர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் லாண்டரிக்குப் போனேன். பாய்லர் அறையை அடைத்திருந்தார்கள். சுவரில் அந்த மற்றவரின் சான்றிதழைக் காணோம், ஆணி மட்டும் இருந்தது. வெடித்த அன்று உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர், உருளையிலிருந்து வரும் விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்கும் பெண்கள். இளையவள் ஊருக்குப் போய்விட்டாளாம். மூத்தவர் பின்வாசலில் உட்கார்ந்து, ஓட்டை விழுந்த தலையணை உறைகளைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அந்த மாப்பிள்ளைதானே? சூதாடுற மாப்பிள்ளை?"

"சூது இல்லைங்கம்மா. கதை."

"பகடைன்னு சொல்வாரு. நான் சூதுன்னு நெனச்சேன். என் கை முதல்ல எங்கே போகுதுன்னு என்னைக்கூடக் கேட்டாரு. நான் என்னத்தைக் கண்டேன்! துணியோட ஓரத்தைத் தேடும்னு சொன்னேன். அப்படியே எழுதிக்கிட்டாரு." உறையை உதறினார். "என்ன தெரியணும் தம்பி?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு... வரிசையா."

அவர் உறையை மடியில் வைத்தார்.

"உருளையில சூடு கம்மியாச்சு. நான் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தேன். அவரு அந்தக் கண்ணாடிக் குழாய்க்குப் பக்கத்துல குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தாரு. திடீர்னு, 'பர்னரை நிறுத்துறேன்!'னு ஒரு சத்தம். யாருக்குச் சொல்றாருன்னே புரியல. அவரு அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எங்களுக்குத்தான் சொல்றாருன்னு நெனச்சு, அந்தப் பொண்ணைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளியே வந்துட்டேன். சொல்லலைன்னா அங்கேயேதான் நின்னிருப்போம். கையில பாதி மடிச்ச விரிப்பு இருந்துச்சு."

"சொல்லிட்டு நின்னாரா?"

"இல்ல. சொல்லும்போதே கை போயிருச்சு. பர்னர் சத்தம் டக்குனு நின்னுச்சு."

எனக்கு மூச்சு வந்தது. பதினொரு நாள் கழித்து முதல் மூச்சு. அந்த அம்மாள் தொடர்ந்தார்.

"அப்புறம் பின்னாடி போய் எண்ணெய் வால்வையும் மூடினாரு. நான் வாசல்லேர்ந்து, 'விட்டுட்டு வாங்க, வாங்க'ன்னு கத்தினேன். முன்பக்கம் வந்தாரு. 'எல்லாம் மூடியாச்சு, வெளியே வர்றேன்'னு சொன்னாரு. சொல்லிட்டு அங்கேயே நின்னு என்னையே பாத்தாரு."

"எவ்வளவு நேரம்?"

"எவ்வளவுன்னு என்ன சொல்ல? ஒரு விரிப்பை ரெண்டா மடிக்கிற நேரம் இருக்குமா. நாங்க ரெண்டு பேரும் பத்திரமா இருக்கோமான்னு பாக்குறாருன்னு நெனச்சு, இருக்கோம்னு தலையை ஆட்டினேன். ஆட்டின பிறகுதான் காலை எடுத்து வச்சாரு. ரெண்டு எட்டு வச்சிருப்பாரு, வெடிச்சிருச்சு. தீயை அணைக்கிறதுக்கு முன்னாடியே இரும்பு பழுத்துப்போச்சாம்." உறையை எடுத்துத் திரும்பவும் மடித்தார். அது ஏற்கெனவே மடித்திருந்த உறை. "கடைசி நேரத்துலயும் எங்களைத்தான் பாத்தாரு தம்பி. நல்ல மனுஷன்."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் அப்படி நினைத்துக்கொண்டிருப்பதே நல்லது. ஒருவேளை அதுவே உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டு ஒரு முகத்தைப் பார்த்து நிற்கிற அந்த நிற்றலை நாலு ஞாயிறு எதிரே நின்று பார்த்தவன் நான். தலையசைப்புக்குப் பிறகு எடுத்து வைக்கிற அந்தக் காலையும்.

அக்காவிடம் பாதியைத்தான் சொன்னேன். உரக்கச் சொன்னாராம், அதனால் இரண்டு பேரும் தப்பித்தார்களாம், பர்னரை ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அணைத்தாராம். அவள் சமையலறைத் தரையில், குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் அந்தச் சிவப்புப் பொட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

"அப்புறம் நின்னிருப்பாரே" என்றாள்.

நான் அந்தப் பொட்டின் ஓரத்தை நகத்தால் தடவினேன்.

"எனக்குத் தெரியும்டா. தினம் வாசல்ல 'கிளம்புறேன்'னு சொல்லிட்டு நிப்பாரு. நான் 'ம்' சொன்னாத்தான் செருப்பு மாட்டுவாரு."

"எப்போலேர்ந்துக்கா? நம்ம விளையாட்டுக்கு முன்னாடியேவா?" என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. பிச்சை கேட்பதுபோல இருந்தது.

அவள் நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தாள். "ஞாபகம் வரலைடா" என்றாள். பிறகு, "அன்னைக்குக் காலையில குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். அவரு கிளம்புறேன்னு சொன்னது கேட்டுச்சு. நான் 'ம்' சொன்னேனா? ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டேனா? நானும் அதைத்தான் பன்னெண்டு நாளா யோசிக்கிறேன்" என்றாள்.

பெட்டி உறுமத் தொடங்கியது. மாமா இருந்திருந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏதாவது சொல்லியிருப்பார்.

நேற்று டெய்லரும் தபாலும் வந்தார்கள். மேசையில் உட்காரவில்லை. டெய்லர் வாசலிலேயே நின்று, "அந்த விதிக்கு நான் சரின்னு சொல்றேன். எழுதிருப்பா" என்றார். குனிந்த தலையை நிமிர்த்தாமல் திரும்பிப் போனார். இப்போது மூன்று பேரின் சம்மதம் இருக்கிறது. கேட்டவரின் சம்மதத்தையும் சேர்த்தால் நாலு.

நோட்டு என்னிடம் இருக்கிறது. முப்பத்தோராம் பக்கத்தில் தலைப்பு, கை முதலில் போகும் இடம், பகடையில் விழ வேண்டிய எண் எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. அடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எழுதியது ஒரே சொல், "அவசரத்தில்", அதை அடுத்து மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள். அதற்குக் கீழே எனக்காக இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார். அந்த இரண்டு வரியும் இன்னும் காலியாக இருக்கின்றன.